பொறிக்கும் வெடிக்கும் நடுவே

உள்ளங்கையில் ஒரு வெங்கச்சாங்கல். சங்ககிரி அடிவாரத்தில் கிடந்தது. வெயில் ஏறவில்லை, கல் குளிர்ந்திருக்கிறது.

இரும்பில் தட்டினால் பொறி. கருகிய வாசம்.

*

சக்கிமுக்கித் துப்பாக்கி.

குதிரையின் வாயில் கல். கல்லைச் சுற்றித் தோல் துண்டு, நழுவாமல் இருக்க. விசையை இழுத்ததும் குதிரை பாய்கிறது. கல் எஃகுத் தகட்டை உரசுகிறது. தகடு சாய, கிண்ணம் திறக்கிறது. பொறி கிண்ணத்து மருந்தில் விழுகிறது. பற்றுவாய் வழியாகத் தீ குழலுக்குள் நுழைகிறது.

எல்லாம் ஓர் இமைப்பொழுது.

அதற்குள்ளும் ஓர் இடைவெளி. கன்னத்தருகே கிண்ணம் எரிந்துவிட்டது. குழல் இன்னும் வெடிக்கவில்லை. குறி வைத்தவன் அசையாமல் நிற்க வேண்டும்.

சில சமயம் கிண்ணம் மட்டும் எரிந்து அடங்கும்.

*

கோயமுத்தூர், கோட்டைமேடு. கோட்டை இல்லை. 1791 நவம்பரில் திப்புவின் படை கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து அதைப் பிடிக்கிறது. இப்போது கடைகள், பள்ளிவாசல், சைக்கிள் மணி.

*

ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ். குழல் வாய் முக்கால் அங்குலம். குழலைக் கட்டையோடு பிடிப்பவை சின்னச் சின்ன ஆணிகள்.

பிரெஞ்சுக்காரரின் சார்லவில். வாய் 0.69 அங்குலம். ஆணி இல்லை, குழலையும் கட்டையையும் சேர்த்து வளைத்த இரும்புப் பட்டைகள். பட்டையைக் கழற்றினால் குழல் தனியே வருகிறது.

ஆங்கிலேயரின் ஈயக் குண்டும் ஏறத்தாழ 0.69. பிரெஞ்சுக் குழலில் அது இறுகிக்கொள்ளும். பிரெஞ்சுக் குண்டோ ஆங்கிலக் குழலில் லொடலொடவென்று இறங்கும்.

இந்த அளவுகளிடம் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. போகட்டும்.

*

பிரிட்டிஷ் ராணுவத்தின் குழல் முதலில் 46 அங்குலம், பிறகு 42. கம்பெனி தன் சிப்பாய்களுக்கு வைத்தது 39. போர் நெருக்கடியில் 1797இல் ராணுவமும் அந்தக் குட்டைக் குழலையே ஏற்கிறது.

*

திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைத் துப்பாக்கிகளில் குதிரையே புலியாகிறது. புலியின் வாய் கல்லைக் கவ்வியிருக்கிறது. உடம்பெல்லாம் புலிவரி. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அவற்றில் பல கப்பலேறுகின்றன. இங்கிலாந்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

கண்டிப் பக்கத்துச் சிங்களத் துப்பாக்கியில் பொறியமைப்பு இடப்புறம். கட்டையின் அடி இரண்டாகப் பிரிந்து சுருள்கிறது. செதுக்கியவன் அவசரப்படவில்லை.

*

பாளையத்து ஆட்களிடம் திரித் துப்பாக்கி. கயிற்றுத் திரி கனன்றுகொண்டே இருக்க வேண்டும். மழைக்கு அணையும். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளியே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அதற்குக் கல் வேண்டாம்.

நல்ல துப்பாக்கிக் கல் சுண்ணப்பாறைக்குள் விளைகிறது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கல் கறுப்பு. பிரான்சுக் கல் தேன் நிறம். கொங்கு மண்ணில் அவை இல்லை. இருபது முப்பது வெடிக்குள் விளிம்பு மழுங்கிவிடும். அடுத்த கல்லுக்குக் கடலைப் பார்க்க வேண்டும்.

கையிலிருக்கும் வெங்கச்சாங்கல்லும் பொறி தருகிறது. சீக்கிரம் நொறுங்குகிறது.

*

வழியோரம் எருக்கு. எருக்கங்கரி மருந்துக்கு ஆகும். முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும்.

கிள்ளிய இடத்தில் பால். விரலில் பிசுபிசுப்பு.

*

1801 டிசம்பர். தெற்குப் பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்கிறது கம்பெனி. கோட்டைகள் இடிக்கப்படுகின்றன.

1805. கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை இதே சங்ககிரியில் தூக்கிலிடப்படுகிறார். ஓடாநிலையில் அவர் கோட்டையும் இல்லை. ஆடிப் பதினெட்டில் மாலை போடுகிறார்கள். சிலையில் குதிரை இருக்கிறது, வாள் இருக்கிறது.

மூச்சு ஒன்று வந்து போகிறது.

*

தோட்டா என்பது காகிதப் பொட்டலம். மருந்தும் குண்டும் உள்ளே. பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் கிண்ணத்துக்கு, மீதி குழலுக்கு. உதடு கறுத்துப்போகும். நாக்கில் வெடியுப்பு, தாகம் ஏறிக்கொண்டே போகும். முன்பல் இல்லாதவனைப் பல படைகளில் எடுப்பதில்லை.