தயங்கும் கை

2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப் 2' என்னும் கணினி விளையாட்டு மேசைத் திரைக்கென உருவானது. ஆடுபவர் பாத்திரத்தின் கண்ணாற் பார்ப்பார். சுட்டியை அழுத்தினால் துவக்கு வெடிக்கும். 2022இல் ஆர்வலர்கள் சிலர் அதனை மெய்நிகர்த் தலைக்கவசத்துக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டனர். களம் அதே, எதிரிகளும் அவர்களே. ஆனால் இப்போது கையை உயர்த்திக் குறிபார்க்க வேண்டும். ரவைக்கூட்டையும் கையாலேயே மாற்ற வேண்டும்.

இரண்டிலும் இறப்பவர் எவருமில்லை. அப்படியாயின் இரண்டும் ஒன்றுதானா?

விளைவை மட்டும் அளப்போர் ஆம் என்பர். அவர்களை எளிதில் மறுக்க முடியாது. ஆயினும் செயலுக்குச் செய்பவன் என்றொரு பக்கமும் உண்டு. சுட்டியை அழுத்தும் விரலுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியாது. கோப்பொன்றைத் திறப்பதும் அதே அசைவுதான். நீட்டிக் குறிபார்க்கும் கைக்கோ தெரியும்.

இதில் ஒரு விந்தை. கவசமணிந்து, இருந்த இடத்திலிருந்தே களத்தில் ஓடினால் பலருக்குத் தலை சுற்றிக் குமட்டுகிறது. கண் 'நகர்கிறேன்' என்கிறது. உட்செவியின் சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது. நடக்காத நடையை உடலே மறுத்துவிடுகிறது. செய்யாத கொலையை மறுக்க அத்தகைய உறுப்பெதுவும் நமக்கில்லை.

இதனால் விளையாடவே கூடாதென்று நான் சொல்லவில்லை. முதன்முறை உயர்ந்த கை ஒரு கணம் தயங்கினால், அதைக் கோழைத்தனமென்று நகைக்காதீர்கள். உறுப்புத் தராத மறுப்பை அந்தத் தயக்கமே தருகிறது. பழகப் பழகக் குமட்டல் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தயக்கமும் அவ்வாறே தேயக்கூடும். தேயாமற் காப்பது நம் பொறுப்பு.