கோடரியும் கட்டளையும்

மதங்கள் இயற்கையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது முற்போக்காளர் பலர் ஐயத்துடனேயே செவிசாய்ப்பர். அந்த ஐயம் காரணமற்றதன்று. மண்ணைப் போற்றும் தோத்திரங்கள் ஒலித்த இடங்களிலேயே அம்மண்ணில் உழைத்தவன் மறக்கப்பட்டதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது. எனினும், ஒரு மரபு தன்னகத்தே கொண்டுள்ள அறக்கருத்துக்களை ஆராயாமலே ஒதுக்கிவிடுதல் விஞ்ஞான நோக்கு ஆகாது. யூத ஜெப ஆலயங்களில் கடந்த சில தசாப்தங்களாக நிகழ்ந்துவரும் சுற்றாடல் முயற்சிகளை முன்வைத்து ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். மண்ணுக்குச் செய்யும் நீதியை மனிதனுக்குச் செய்யும் நீதியினின்றும் பிரித்தெடுக்க முடியுமா?

1967இல் அமெரிக்க வரலாற்றறிஞர் லின் வைற், 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில், சூழல் நெருக்கடியின் வேர்கள் மேற்கத்திய கிறிஸ்தவத்தின் உலக நோக்கிலே உள்ளன என வாதிட்டார். அவர் சுட்டிய படைப்புக் கதை யூதரின் வேதத்திலிருந்து வந்தது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆளும் உரிமையை மனிதனுக்கு அளிக்கின்றது என்பது உண்மையே. இரண்டாம் அதிகாரமோ அவனைத் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அமர்த்துகின்றது. ஆள்பவனும் காவற்காரனும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றனர். இவ்விரண்டில் எதனை ஒரு சமூகம் உரத்து வாசிக்கின்றது என்பதை அதன் வாழ்நிலையே பெரிதும் தீர்மானிக்கின்றது.

இம்மரபின் சூழல் அறம் போர்க்களத்திலே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு நகரை நெடுநாள் முற்றுகையிடும் படை அதன் கனிமரங்களைக் கோடரியால் வெட்டலாகாது என்று உபாகமத்தின் இருபதாம் அதிகாரம் விதிக்கின்றது. கனி தராத மரங்களை மட்டுமே முற்றுகைத் தேவைகளுக்காக வெட்டலாம். இக்கட்டளை யாரை நோக்கியது? மதிலுக்கு வெளியே, கையில் ஆயுதத்துடன், தடுப்பாரின்றி நிற்பவனை நோக்கியது. கனியை உண்ணலாம் என்ற பயன்நோக்கும் அதிலே கலந்துள்ளது, மறுப்பதற்கில்லை. ஆயினும் வெல்லக்கூடியவன் தன் கையைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆனால் இதே அதிகாரம், சில நகரங்களின் மக்களுள் ஒருவரையும் உயிரோடு விடலாகாது என்றும் சில வரிகளுக்கு முன்னரே கூறிவிடுகின்றது. மரத்துக்கு இரங்கிய சட்டம் அம்மனிதருக்கு இரங்கவில்லை. நாம் எழுப்பிய வினா அம்மரபின் மூலத்திலேயே உறைந்து கிடப்பதைக் காண்கிறோம்.

பிற்கால ரபிமார், அதாவது யூத மத ஆசான்கள், இச்சிறு விதியைப் பெருநெறியாக விரித்தனர். 'பால் தஷ்ஹீத்', அழிக்காதே, என்பது அந்நெறியின் பெயர். எண்ணெய் வேண்டாத விரைவில் எரியுமாறு விளக்கை மூடிவைப்பவனும் இந்நெறியை மீறியவனே எனத் தல்மூதில் ஒரு கூற்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற பேரறிஞர், பாத்திரங்களை உடைத்தல், ஆடைகளைக் கிழித்தல், ஊற்றுக்களைத் தூர்த்தல், உணவை வீணாக்கல் ஆகியவற்றையும் இத்தடைக்குள் அடக்கினார்.

மண்ணையும் மனிதனையும் ஒருங்கே நோக்கிய சட்டமும் இம்மரபில் இல்லாமற் போகவில்லை. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும் என்னும் 'ஷெமிற்றா' அத்தகையது. அவ்வாண்டில் தானாக விளைவது ஏழைக்கும் விலங்குக்கும் உரியது, கடன்கள் தள்ளுபடியாகும், நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்பவரே. நிலத்தின் களைப்பும் கடனாளியின் களைப்பும் இங்கு ஒன்றாகவே கருதப்பட்டன. ஆனால் உடைமையின் வலிமை இங்கும் தன் வழியைத் தேடிக்கொண்டது. ஏழாம் ஆண்டு நெருங்குகையில் செல்வர் கடன் கொடுக்க மறுத்தனர். கடன்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்து அவை அற்றுப்போகாது காக்கும் ஏற்பாட்டை ஹில்லேல் என்ற ஆசான் வகுக்க நேர்ந்தது. 1889இல், பலஸ்தீனத்து யூதக் குடியேற்றங்களில் உழவு தடைப்படாதிருக்கும் பொருட்டு, நிலத்தைப் பெயரளவில் யூதரல்லாதார்க்கு விற்கும் வழியை ரபிமார் சிலர் அனுமதித்தனர். பொருளாதார அடித்தளம் மாறாதவரை உயர்ந்த சட்டமும் வளைந்து கொடுக்கும் என்பதற்கு இவை சான்று.

இத்தகைய மரபின் வாரிசுகளே இன்று ஆலயங்களில் சுற்றாடற் பணியை மேற்கொண்டுள்ளனர். அமெரிக்காவில் 1993இல் 'சுற்றாடலுக்கும் யூத வாழ்வுக்குமான கூட்டமைப்பு' தோன்றியது. 2008இல் இலினோய் மாநிலத்து எவன்ஸ்ரன் நகரில் ஒரு யூத சபை எழுப்பிய ஆலயம், சூழலுக்கு இசைந்த கட்டடங்களுக்கு அங்கு வழங்கப்படும் அதியுயர் தரச்சான்றைப் பெற்றது. 2015இல் நானூறுக்கும் மேற்பட்ட ரபிமார் காலநிலை நெருக்கடி குறித்த பொதுமடலொன்றில் ஒப்பமிட்டனர். முன்னாளில் கனிகளின் தசமபாகத்தைக் கணக்கிடுவதற்குரிய நாளாயிருந்த 'மரங்களின் புத்தாண்டு' இன்று சூழல் விழாவாகவும் கொண்டாடப்படுகின்றது. இவற்றை நாம் இகழவில்லை. ஆயின், மின்விளக்கை மாற்றியதோடு மனச்சாட்சி உறங்கிவிடுமானால், அழிக்காதே என்ற கட்டளை வீட்டுச் சிக்கனக் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

மரம் நடுதலும் எப்போதும் குற்றமற்ற செயலாக இருப்பதில்லை. 1901இல் நிறுவப்பட்ட யூத தேசிய நிதியத்தின் நீல உண்டியல்களில், பல நாடுகளின் யூதச் சிறுவர் மரம் நடுவதற்கெனச் சில்லறை சேர்த்தனர். அச்சிறுவரின் அன்பு உண்மையானது. 1967ஆம் ஆண்டுப் போரில் இம்வாஸ், யாலோ, பெய்த் நூபா என்னும் பலஸ்தீனக் கிராமங்கள் மூன்றின் மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. பின்னர் கனடாவில் வாழும் யூதரின் நன்கொடையால், அந்நிதியத்தினூடாக, அங்கே 'கனடாப் பூங்கா' உருவாயிற்று. இடிபாடுகளின் மீது நிழல் விழுந்தது. அந்நிழலில் அமர்பவன் எதன்மீது அமர்கிறான் என்பதை மரம் சொல்வதில்லை.

எனினும் அதே மரபினுள்ளிருந்தே மறுகுரலும் எழுந்தது. 1988இல் இஸ்ரேலில் உருவான 'மனித உரிமைகளுக்கான ரபிமார்' என்ற அமைப்பினர், மேற்குக்கரையில் குடியேறிகளின் தாக்குதலுக்கு அஞ்சும் பலஸ்தீன விவசாயிகளோடு ஒலிவ் அறுவடைக்குச் சென்று துணைநின்றனர். வெட்டப்பட்ட ஒலிவ் மரங்களுக்குப் பதிலாகப் புதிய கன்றுகளை நட உதவினர். முற்றுகையிடும் படைக்குச் சொல்லப்பட்ட பழைய சட்டத்தை, அது சொல்லப்பட்ட திசையிலேயே இவர்கள் வாசித்தனர். மூலச்சட்டம் பிரித்துவைத்த மரத்தையும் மனிதனையும் மீண்டும் ஒன்றுசேர்த்தனர். ஒலிவ் மரத்தைக் காப்பது அதன் கனியால் வாழும் குடும்பத்தைக் காப்பதே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே கிடைக்கின்றது. மண்ணின் நீதியை மனிதனின் நீதியினின்றும் பிரித்தெடுக்க முடியும், பிரித்தெடுத்தும் உள்ளனர். பிரித்தவிடத்து மரம், அநீதியை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. இது யூதருக்கு மட்டும் உரிய குறையன்று. தன் மரபில் இயற்கைப் போற்றுதல் உண்டெனப் பெருமை பேசும் எச்சமூகத்துக்கும் பொருந்துவது. மாணவர்க்கு மரநடுகை விழாக்களை நடத்திவைக்கும் ஆசிரியராகிய நாமும் இதற்கு விலக்கானவரல்லர். கன்றை நடுமுன், அந்த நிலத்திலே நேற்று யார் வாழ்ந்தார், நாளை இதன் கனியை யார் உண்பார் என்று மாணவன் கேட்கப் பழகவேண்டும். அக்கேள்விக்கு நாம் இடங்கொடுத்தாக வேண்டும்.