அடையாள அட்டையில் ஒரு முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. ஆனால் அடையாள அட்டையிலுள்ள முகத்தைக் கொண்டு எவருடைய அகத்தையும் அளந்துவிட இயலாது. உதட்டில் புன்னகை இராது. விழியில் ஒளி இராது. ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவரைப் போன்ற தோற்றமே மிஞ்சும். தம் அட்டையைப் பிறரிடம் காட்ட நாணாதவர் மிகச் சிலரே. ஆகவேதான் படம் எடுக்கச் செல்வோர் தலையைப் படிய வாருகின்றனர். உள்ளதில் நல்ல சட்டையைத் தேடி அணிகின்றனர். இதனைக் கண்டு நகைப்போரும் உளர். ‘அரசாங்கம் கேட்பது அடையாளத்தை, அழகுக்கு அங்கு என்ன வேலை?’ என்பது அவர்தம் கேள்வி. அட்டையில் அழகாகத் தோன்ற விழைவது வெறும் தற்பெருமைதானா? அன்றி, அதனுள் ஓர் அறமும் உண்டா?

நகைப்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1880ஆம் ஆண்டுகளில் பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர், கைதிகளை நேராகவும் பக்கவாட்டிலும் ஒரே முறையில் படமெடுக்கும் வழக்கத்தை வகுத்தார். ஒருவரை இன்னொருவரிலிருந்து பிரித்தறிவதே அதன் நோக்கம். முதல் உலகப் போரின்போது ஒற்றர்களைப் பற்றிய அச்சத்தால் கடப்பிதழிலும் படம் இடம்பெற்றது. இன்றைய கடப்பிதழ்ப் படத்திலும் வாய் மூடியிருக்க வேண்டும். முகம் உணர்ச்சி காட்டாதிருக்க வேண்டும். ஆக, இத்தகைய படங்களைப் பெற்றெடுத்தது ஐயமே அன்றி அன்பு அன்று.

மலாயாவிலும் நிகழ்ந்தது அதுவே. 1948 ஜூன் திங்களில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவரும் பதிந்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தது. அட்டையில் படமும் பெருவிரல் ரேகையும் இடம்பெற்றன. சாலாக் செலாத்தான் போன்ற புதுக்கிராமங்கள் உருவான காலம் அது. வேலியும் காவலும் சோதனையும் அன்றாட வாழ்வாயின. அட்டை இல்லாதவர் மீது அரசு ஐயுற்றது. அட்டை உள்ளவர் மீது காட்டிலிருந்து போரிட்டோர் ஐயுற்று, அதனைப் பறித்துக் கிழித்ததும் உண்டு. இருபுறமும் இடிபட்டவர் ஏழைத் தொழிலாளர்.

ஆயினும், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைகள், படம் எடுக்கும் நாளில் தலைக்கு எண்ணெய் தடவின; பெட்டியின் அடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறின. ‘என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறாய், நான் மதிப்போடு நிற்கிறேன்’ என்று அம்முகங்கள் வாய் திறவாமல் கூறின. இதனைத் தற்பெருமை என்பது தகுமா?

பின்னர், குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை என்ற பிரிவு வந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை அற்றோர்க்கு வேலை பெர்மிட் தேவையாயிற்று. உழைத்து ஓய்ந்த பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவர்தம் சிவப்பு அட்டையிலும் தலை நன்றாகவே வாரப்பட்டிருந்தது. சட்டமோ அட்டையின் நிறத்தைப் பார்த்தது, முகத்தைப் பார்க்கவில்லை.

முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை படம் எடுத்துக்கொண்டோர் தோட்டப்புறங்களில் பலர். அவர் மறைந்தபின் பிள்ளைகள் அந்தச் சிறு படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலையிட்டுச் சுவரில் மாட்டினர். ஐயத்தோடு எடுக்கப்பட்ட படம் அன்போடு வணங்கப்பட்டது! அன்று அந்தத் தந்தை தலைவாராமல் நின்றிருப்பாராயின், பேரப்பிள்ளைகள் அறிந்த தாத்தா வேறொருவர் ஆகியிருப்பார்.

எனினும் அழகுக்கும் ஓர் எல்லை உண்டு. பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் இருந்த பழைய படக்கடைகளில் சீப்பும் பவுடரும் இருக்கும்; இரவல் கோட்டும் தொங்கும். இரவல் கோட்டு தோளை மறைத்தது, முகத்தை மாற்றவில்லை. அதனை மன்னிக்கலாம். இன்றோ கைப்பேசியே முகத்தை மாற்றித் தருகிறது. சுருக்கம் மறைகிறது, தழும்பு அழிகிறது, கறுப்பு நிறம் வெளுக்கிறது. தழும்பு அவர் வாழ்ந்த வாழ்வு. கறுப்பு அவர் பெற்றோர் தந்த வண்ணம். இவற்றை அழித்துப் பெறும் அழகு எவருடைய அழகு? தூய்மை செய்துகொள்வது தன்னை மதிப்பது. முகத்தையே மாற்றிக்கொள்வது தன்னை மறுப்பது.

இன்று பதிவிலாகா முகப்பிலேயே படம் எடுத்துவிடுகின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் முதன்முறையாக அங்கு அமர்கிறான். ‘அழகாக இரு’ என்று தாய் சட்டையின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்கிறாள். அவனுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: ‘உன் முகத்தைப் பற்றி நாணாதே, நிமிர்ந்து பார்.’ சீப்பு தலையை வாரும். முகத்தை நிமிர்த்துவது தன்மானம் ஒன்றே.