பழியுரையும் அடியார் நிலையும்

கற்றார் கல்லாதார், உயர்ந்தார் தாழ்ந்தார் என்னும் வேற்றுமையின்றி மக்கள் யாவர்க்கும் வருவதொரு துன்பம் பிறராற் பழிக்கப்படுதல். அதனினும் மிக்கது, கருதாததொன்றைக் கருதியதாகப் பிறர் கொள்ளுதல். நல்லெண்ணத்தோடு செய்த செயல் தீயதெனக் கொள்ளப்படுமிடத்து உள்ளங் கலங்காதார் மிகச் சிலரே. சிவநெறியிற் செல்வார் அக்கலக்கத்தை எங்ஙனம் கடத்தல் வேண்டுமென்பது ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் இகழ்வார் இயல்பை அறிதல் வேண்டும். உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில் நூல் கேட்பாரை மூவகையாகப் பகுத்துரைத்தார். தலையாயினார் பொருளின் உண்மையையே நாடிப் புறத்தே தோன்றும் குறையைப் பொருட்படுத்தார். இடையாயினார் பழமையும் அழகும் ஆராய்ந்து கொள்வர். கடையாயினார் பலர் புகழின் தாமும் புகழ்வர். பிறர் இகழின் தாமும் இகழ்வர். தமக்கெனத் துணிபொன்று உடையரல்லர்.

இப்பகுப்பைக் கேட்டமாத்திரத்தே, தம்மை இகழ்வார் யாவரையும் கடையாயினாருள் வைத்து மகிழ்தல் எளிது. அதனாற் பயனில்லை. கடையாயினார்பால் உள்ள குற்றந்தான் யாது? தம் துணிபைப் பிறர் வாய்ச்சொல்லாற் பெறுதலன்றோ? புகழுங்காற் பூரித்தும் இகழுங்காற் சோர்ந்தும் நிற்பான்பாலும் அக்குற்றமே உளது. அவர் நூலைப்பற்றிப் பிறர் சொல்லை நம்பினர். இவன் தன்னைப்பற்றியே பிறர் சொல்லை நம்புகின்றான். ஆதலின் பழியுரையால் வருங் கலக்கம் இகழ்வாரது குறையை மட்டுமன்றி, இகழப்பட்டானது குறையையுங் காட்டுவதாயிற்று.

ஆகவே பழியுரை கேட்டவழி முதலிற் செய்யத்தக்கது, அதன்கண் மெய் உளதோவென நடுநின்று நோக்குதல். உளதாயின், கூறியவர் பகைவரேயாயினும் கூறியது மருந்தாம். இலதாயின், அச்சொல் சொன்னாரது அறியாமையையே சாரும்.

மெய்யல்லாத பழியும் ஏன் வருந்துகின்றதெனின், பிற உயிர்களான் வருந் துன்பத்தை ஆதிபௌதிகமென்பர். அது பிராரத்தம் நுகர்ச்சிக்கு வரும் வழிகளுள் ஒன்று. வினைப்பயனை ஊட்டுவான் இறைவன். வைதவன் அதற்கு வாயிலாயினான். வாயிலை வெகுளின், பழவினை கழியும்பொழுதே ஆகாமியமாகிய புதுவினை ஏறும். இக்கருத்து ஒருவன் தன்னளவிற் கொள்ளற்பாலது. பழிச்சொல்லால் நைந்தான் ஒருவனை நோக்கி, ‘இது நின் வினை’ என்று கூறி வாளா இருத்தல் அருளுடைமையன்று. வைதவனும் தான் வாயிலென்று கூறித் தப்புதல் இயலாது. வைதல் அவனுக்கு ஆகாமியமேயாம்.

இனி, இகழ்வார் அனைவருந் தீயரல்லர் என்பதைத் திருக்காளத்தியிற் காண்க. சிவகோசரியார் ஆகமவிதி வழுவாது பூசிப்பவர். திருமுன்பு இறைச்சியும் எலும்புங் கிடக்கக் கண்டு, இவ்வனுசிதஞ் செய்தவர் யாவரோவெனப் பதைத்தழுதார். அப்பதைப்பு பொறாமையாற் பிறந்ததன்று, அன்பாற் பிறந்தது. திண்ணனார் வாயில் நீர் கொணர்ந்து ஆட்டியதும், ஊனைச் சுவைத்துப் பார்த்துப் படைத்ததும் அன்பே. ஓரன்பு மற்றோரன்பை அறியாது பழித்தது. இறைவன் முனிவரைத் தண்டித்திலன். கனவிற் தோன்றி, மறைந்திருந்து காணுமாறு பணித்தான். மறுநாள் இறைவன் கண்ணிற் குருதி பெருகத் திண்ணனார் தங்கண்ணை இடந்து அப்பியதையும், மற்றைக் கண்ணையும் இடக்கப் புக்கபொழுது இறைவன் திருக்கை தடுத்ததையும் முனிவர் கண்டார். அவர் உள்ளத்திருந்த பழி ஒழிந்தது.

திண்ணனார் தம்மேல் வந்த பழியை மறுத்ததாகப் பெரியபுராணத்து யாண்டும் இல்லை, அறிந்ததாகவும் இல்லை. அவர் பழியைப் பொறுத்தார் என்பதினும், பழி புகுதற்கு இடமின்றி அவருள்ளம் நிறைந்திருந்ததென்பதே பொருந்தும். உண்மையை உணர்த்தும் பொறுப்பை இறைவனே ஏற்றுக்கொண்டான்.

அங்ஙனமாயின் எஞ்ஞான்றும் வாய்வாளாமையே நெறியோவெனின், அன்று. தில்லைவாழந்தணர் மரபில் வந்த உமாபதி சிவாசாரியர், மறைஞானசம்பந்தரை ஞானாசிரியராகக் கொண்டமையால் தம்மவரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தனர் என்பது வரலாறு. அவ்விலக்கை எதிர்த்து அவர் நூலொன்றுஞ் செய்திலர். ஆயின் கி.பி. 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில், மாயாவாதம் முதலிய கொள்கைகளை எடுத்து அஞ்சாது மறுத்தனர். தம்மைப்பற்றிய சொல்லுக்கு மௌனம். மெய்ப்பொருளைப்பற்றிய சொல்லுக்கு விடை. இதுவே துலாக்கோல்.

தன்மேல் வந்த பழி தன்னளவில் நில்லாது பிறர்க்குத் தீங்கு பயக்குமாயின், உண்மையை ஒருகால் தெளிவுற எடுத்துரைத்தல் கடனாம். அதன்மேலும் மீளமீள விளக்க விழையுமிடத்து, அங்ஙனம் விழைவது மெய்யன்போ, ஆணவமோ எனத் தன்னுள்ளே வினாவுதல் வேண்டும்.

இருவினையொப்பென்பது கல்லைப்போல் உணர்வற்று நிற்றலன்று. புகழையும் இகழையும் நுகர்ந்தும் இரண்டிலும் பற்றின்றி நிற்றல். அந்நிலை ஒருநாளில் எய்தற்பாலதன்று. பிறர் தம்மை எங்ஙனம் அறிந்தார் என்னும் கவலை நீங்கி, இறைவன் தம்மை எங்ஙனம் அறிவான் என்னும் அச்சம் மேலோங்குந்தோறும் அஃது அணுகி வருமென்க.

திருச்சிற்றம்பலம்.