புறா வளர்ப்பது கூடுமா?

மாடியில் கூண்டு வைத்துப் புறா வளர்ப்பது குற்றமா என்று நேயர்கள் சிலர் கேட்கிறார்கள். வளர்ப்பது குற்றமன்று. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது அன்போடு விசாரித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் ஜங்கி புறாக்களைக் கொண்டே தபால் நடத்தினார். முட்டைக்கும் குஞ்சுக்கும் மனமகிழ்வுக்கும் கடிதம் அனுப்பவும் வளர்ப்பது கூடும். பறக்கவிட்டு விளையாடுவது மக்ரூஹ் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. பந்தயம் சேர்ந்தால் அது சூது, ஹராம்.

பறவை ஒன்றுதான், சட்டம் ஏன் மாறுகிறது? புறாவின் பின்னே ஓடிய ஒருவரைக் கண்டு நபியவர்கள் ஷைத்தானுக்கு ஒப்பிட்டு வெறுத்துரைத்தார்கள். புறா நம் வசம் இருந்தால் அமானிதம். நாம் அதன் வசமானால் நஷ்டம். வானத்தையே அண்ணாந்து பார்ப்பவன் காதில் அஸர் பாங்கு விழுவதில்லை. மாடியில் நிற்பவன் கண்ணுக்கு அண்டை வீட்டு முற்றம் தப்புவதில்லை. அயலார் புறா நம் கூட்டத்தோடு இறங்கினால், ‘தானே வந்தது’ என்கிறது மனம். ‘அது அவர் பொருள், திருப்பிக் கொடு’ என்கிறது மார்க்கம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் கதியை நாம் அறிவோம். ஆகவே கூண்டை மூடுமுன் தண்ணீர்ச் சட்டியைப் பார்ப்போம். பாங்கு கேட்டதும் படியிறங்குவோம். அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.