திருத்துழாய்க்குள் ஒரு கவி

திருவாய்மொழி 1102 பாசுரம். ஒன்றின் முடிவைப் பிடித்துக்கொண்டே அடுத்தது தொடங்கும். கடைசிப் பாசுரத்தின் கடைசிச் சொல், முதல் பாசுரத்தின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். இத்தனையையும் பாடிவிட்டு நம்மாழ்வார், பாடியது நானல்ல, என் வாயை வைத்துக்கொண்டு பெருமாள்தான் தன்னைப் பாடிக்கொண்டான் என்கிறார். எழுதுகிறவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். பத்திரிகை வந்ததும் கதைக்கு முன்னால் கதைக்கு மேலே இருக்கும் பெயரைத் தேடுகிற எனக்கும் எரிந்ததுண்டு.

ஸ்ரீரங்கத்தில், திருவாய்மொழியைப் பத்து இரவுகளில் சேவிக்கும் இராப்பத்து உற்சவம் முடிகிற இரவு, அந்த எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் திருமாமணி மண்டபத்தில் உற்சவர் நம்பெருமாள். நீளக் குல்லாய் அணிந்து பாசுரம் பாடும் அரையரின் தாளம் ஒலிக்கிறது. கடைசிப் பத்து நெருங்க நெருங்கக் கூட்டம் ஒரே உடம்பாக இறுகுகிறது. "கொஞ்சம் குனிஞ்சுக்கோடி கொழந்தே, ஆழ்வாரைத் தெரியலை" என்று பின்னாலிருந்து ஒரு மாமி தோளை அழுத்துகிறார். குனிகிறேன். ஆழ்வார் மோட்சம் பெறும் வைபவம் இது. அர்ச்சகர்கள் அவர் விக்கிரகத்தைக் கைகளில் ஏந்தி வருகிறார்கள், ஓரடி, இன்னும் ஓரடி. பெருமாள் திருவடியில் ஆழ்வாரின் திருமுடி படிகிறது. அதன்மேல் துளசி, திருத்துழாய். கைகையாகத் திருத்துழாய். முகம் மறைந்தது, தோள் மறைந்தது, ஆழ்வாரே மறைந்துபோனார். பச்சைக் குவியல்தான் மிச்சம். அந்த வாசனை மண்டபத்தையே நிறைத்தது. அழுதேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாத அழுகை. அரங்கா! பாடியவனை இப்படி வாரி விழுங்குகிற ரசிகன் உன்னைத் தவிர யார்?

அப்புறம் நடந்ததுதான் இன்னும் அதிசயம். மோட்ச வீடு கொடுத்தாயிற்று, கவியை எங்களுக்கே திருப்பித் தா என்று உலகத்தார் சார்பில் விண்ணப்பம் போகிறது. பெருமாளும் இரங்குகிறார். துழாய் விலக, மறுபடி அந்த முகம்! மோட்சத்திலிருந்து ஒரு கவியைத் திரும்பக் கேட்டு வாங்கும் ஊரில் நிற்கிறோம் என்ற நினைப்பில் எனக்குத் தலை சுற்றியது.

ஆழ்வாரின் முதல் நூல் திருவிருத்தம் என்பார்கள் பெரியோர். இந்த அழுக்குப் பிறவி இனி வேண்டாம் என்ற விண்ணப்பத்தோடு அது தொடங்குகிறது. வீடு பெற்றேன் என்று திருவாய்மொழி முடிகிறது. நடுவில் தாயாகிப் புலம்பினார், மகளாகி மெலிந்தார், நாரையைத் தூது விட்டார். எல்லாம் அந்த ஒரு விண்ணப்பம்தான், வேறு வேறு குரலில்.

இதை நினைத்ததும், அந்த நெரிசலுக்கு நடுவே, என் பழைய கதைகள் வரிசையாக வந்து நின்றன. கல்லூரி மலரில் வந்த முதல் கதையில் ஒரு பாட்டி திண்ணையில் தபால்காரருக்காகக் காத்திருப்பாள். பின்னால் எழுதியதில் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் நிற்பாள், இன்னொருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில். கதைக்குக் கதை புதுசாக யோசித்தோம் என்றிருந்தேன். எல்லாரும் யாருக்கோ காத்திருக்கிறவர்கள்! திட்டம் போட்டு வைத்ததில்லை. என் கையைப் பிடித்து யார் எழுதிக்கொண்டிருந்தார்கள்? பாடியது நானல்ல என்று ஆழ்வார் சொன்னதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஏது தகுதி? ஆனாலும் உள்ளே ஏதோ துள்ளியது. எழுதியது என்னுடையதாக இல்லாமல் போவதில் இத்தனை ஆனந்தம் இருக்குமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கூட்டம் கலையும்போது மாமி ஒரு துழாய் இலையை என் கையில் வைத்தார். "நாளைக்கு இயற்பா. திருவிருத்தம் அதுலதான் சேவிப்பா. வரயோன்னோ?"

"வரேன் மாமி" என்றேன்.