காந்தளும் கடவுளும்

முருகன் தலையில் காந்தள் கண்ணி சூடியவன் என்கிறது திருமுருகாற்றுப்படை. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, அலையலையாக மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்கள். சூடத் தகுந்த பூதான். முன்பு லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கால்சிசின் எனும் நஞ்சு ஆளைக் கொல்லும். தெய்வத்துக்கு உகந்த செடியில் நஞ்சு எதற்கு? பக்தர்கள் உடனே மருந்தைக் காட்டுவார்கள்: கவுட் எனும் மூட்டு நோய்க்கு இதே கால்சிசின்தான் தரப்படுகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைப்பது கால்சிசினின் வேலை. அளவோடு இருந்தால் வீக்கம் தணியும், மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும். நோயாளிக்காக நஞ்சு படைக்கப்பட்டது என்றால், கிழங்கைத் தின்று செத்தவனுக்காகவும் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பருவம் முடிந்தால் கொடி காய்ந்துவிடும். கலப்பைபோல் கவைத்த கிழங்கு மட்டும் அடுத்த மழைவரை மண்ணுக்குள் கிடக்கும். தோண்டித் தின்ன வரும் வாய்களுக்கு எதிராக அதனிடம் இருப்பது நஞ்சு. நம்மை நினைத்துச் சேர்த்ததல்ல. அப்படியானால் நன்மை தீமை என்பதே வெறும் பார்வைக் கோளாறா என்று கேட்கலாம். இல்லை. விஷமென்று தெரிந்தும் பிள்ளைகளுக்கு எட்டுமிடத்தில் கிழங்கைப் போட்டுவைப்பது தீமைதான். அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு மனிதன், செடியுமல்ல, முருகனுமல்ல.